இறப்புக் காரணம் என்ற கட்டம்

ஒரு குழந்தை கொல்லப்பட்டால் அந்தச் சாவு அரசாங்கத்தின் மூன்று ஏடுகளில் ஏற வேண்டும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையாக, பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் ஒரு படிவமாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் ஒரு வரியாக. நான் வேலைக்குச் சேர்ந்தது மூன்றாவது ஏட்டைப் பார்க்க. நாளடைவில் மற்ற இரண்டையும் அதோடு பொருத்திப் பார்ப்பதே என் முழுநேர வேலையாகிவிட்டது. மூன்றும் ஒரே எண்ணைச் சொன்ன ஆண்டு ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

வட்டார சுகாதாரப் புள்ளியியலாளர் என்பது என் பதவியின் பெயர். தர்மபுரி சேலம் பக்கம், எண்பதுகளின் கடைசியில் தொடங்கிய பணி. 1985 கடைசியில் ஜூனியர் விகடனும் 1986இல் இந்தியா டுடேயும் எழுதிய பிறகு பெண் சிசுக்கொலை என்றாலே எல்லோரும் உசிலம்பட்டி என்றார்கள். எங்கள் பக்கத்துப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு, அது உசிலம்பட்டி இருக்கும் மதுரையோடு நிற்கும் விஷயமில்லை என்று அப்போதே தெரியும். ஆனால் தெரிந்ததை எந்தக் கட்டத்தில், என்ன பெயரில் எழுதுவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது.

மாதாந்திரக் கூட்டத்துக்குச் செவிலியர்கள் பதிவேட்டோடு வருவார்கள். சிசு மரணத்துக்குத் தனிப் பக்கம். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, எத்தனையாவது பிள்ளை, பிறந்தபோது எடை, பிரசவம் நடந்த இடம், இறந்தபோது வயது எத்தனை நாள், கடைசியாகக் காரணம். ஒரு மூத்த செவிலியர் அந்தக் கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொண்டுவந்திருந்தார். கேட்டேன்.

“மூணாவதும் பொண்ணு சார். ஆஸ்பத்திரியில பொறந்தப்ப ரெண்டே முக்கால் கிலோ. நல்லா அழுதுச்சு, பால் குடிச்சுச்சு. அஞ்சாம் நாள் வீட்டுக்குப் போறேன், ‘பால் பொரையேறிப் போச்சுங்க நர்சம்மா’ன்றாங்க. குழியும் மூடியாச்சு. நான் என்னன்னு எழுதட்டும்?”

அந்த வரியின் மற்ற கட்டங்கள் எல்லாமே பேசிக்கொண்டுதான் இருந்தன. மூன்றாவது பெண், நல்ல எடை, ஆஸ்பத்திரிப் பிரசவம், வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள். புரையேறியது என்று எழுதினால் அது மூச்சுக்குழல் சம்பந்தப்பட்ட சாதாரண மரணங்களோடு போய்ச் சேரும். கொலை என்று எழுதினால் காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். அதன்பின் அந்தச் செவிலியர் அந்த ஊரில் காலெடுத்து வைக்க முடியாது. துணை சுகாதார நிலையத்தில் தனியாகத் தங்கியிருக்கும் செவிலியர் அவர். தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் அதே வீடுகளுக்குத்தான் நாளைக்கும் போக வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் துறைக்குள் ஒரு வகை புழக்கத்தில் இருந்தது: சமூகக் காரணங்களால் ஏற்பட்ட மரணம். சட்டத்தில் இதற்கு இடமில்லை, மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்ல விரும்பிய ஒரு செவிலியருக்குச் சொல்வதற்கான வழியை அது கொடுத்தது. கொலையைப் பூசி மெழுகும் சொல் என்று இதைப் பலர் பழித்திருக்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். அந்தக் கட்டம் இல்லாமலிருந்தால் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் புரையேறியும் எடை குறைந்தும் செத்ததாகவே இன்றைக்கும் கணக்கில் இருந்திருப்பார்கள். ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் தமிழ்நாட்டின் பெண் சிசுக்கொலை பற்றி எழுதிய கட்டுரைக்கு ஆதாரம் ஆரம்ப சுகாதார நிலையங்களின் இந்த ஏடுகள்தான். மதுரை, தேனியில் தொடங்கிச் சேலம், தர்மபுரி வழியாக வடக்கே நீளும் பட்டையை அந்த ஏடுகளே காட்டின. காவல் துறையின் எந்த அட்டவணையும் அதைக் காட்டியிருக்க முடியாது.

ஏன் முடியாது என்று புரிந்துகொள்ள எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. காவல் துறையின் கணக்கு சட்டப்பிரிவிலிருந்து தொடங்குகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டுத் தொகுப்பான ‘க்ரைம் இன் இந்தியா’வில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 2024 வரை அதில் கொலைக்கு ஒரு வரிசை, இந்திய தண்டனைச் சட்டம் 302. சிசுக்கொலைக்கு ஒரு வரிசை, பிரிவு 315. கருக்கொலைக்கு 315, 316. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கைவிட்டால் 317. பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 315ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள். குழந்தை உயிரோடு பிறக்காமல் தடுக்கவோ, பிறந்த பிறகு சாகச் செய்யவோ, பிறப்பதற்கு முன்பே ஒரு செயலைச் செய்வதுதான் அந்தப் பிரிவின் குற்றம். ஐந்தாம் நாள் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்ட பிள்ளைக்குச் சட்டப்படி பொருந்தியது 302. ஒரு நிலையத்தில் 315 போடுவார்கள், பக்கத்து நிலையத்தில் 302 போடுவார்கள். ஆகவே சிசுக்கொலை என்று அச்சிட்ட வரிசையில் நாடு முழுவதற்கும் பல ஆண்டுகள் நூறை ஒட்டியே ஓர் எண் வரும். அதை எடுத்துக்கொண்டு சிசுக்கொலை ஒழிந்துவிட்டது என்று எழுதுவதும் தவறு, நூறு சிசுக்கள் கொல்லப்பட்டன என்று எழுதுவதும் தவறு. அந்த வரிசை சொல்வது, அத்தனை முதல் தகவல் அறிக்கைகளில் அந்தப் பிரிவு எழுதப்பட்டது என்பதை மட்டுமே.

சரி, 302இன் கீழ் வந்த குழந்தைகளையாவது வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கலாமா? கொலையானவர்களின் வயது அட்டவணையில் நெடுங்காலம் முதல் கட்டமே பத்து வயதுவரை என்று இருந்தது. பிறந்து ஐந்து நாளான சிசுவும் பள்ளிக்கூடம் போகும் ஒன்பது வயதுப் பையனும் ஒரே கட்டத்தில். பின்னால் ஆறு வயதுக்குக் கீழ், 6 முதல் 12, 12 முதல் 16, 16 முதல் 18 என்று மாற்றினார்கள். முன்னேற்றம்தான். ஆனாலும் முதல் ஆறு ஆண்டுகள் ஒன்றாகவே கிடக்கின்றன. குழந்தைக் கொலையில் முதல் நாள், முதல் வாரம், முதல் ஆண்டு மூன்றுமே ஒன்றுக்கொன்று வேறான அபாயங்கள். யார் செய்கிறார்கள், எங்கே, எதற்காக என்பதெல்லாம் வேறு. ஒரு வயதுக்குக் கீழ் என்று ஒரு தனிக் கட்டம் அச்சிட எத்தனை மை செலவாகிவிடும்?

பிறந்த உடனே நடக்கும் சாவில் இன்னும் ஒரு கேள்வி முன்னால் நிற்கிறது. அது பிறந்ததா? இந்திய தண்டனைச் சட்டத்தின் 299ஆம் பிரிவின் மூன்றாம் விளக்கம் இதற்காகவே எழுதப்பட்டது. தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையின் சாவு கொலைக்குற்றம் ஆகாது. உடலின் ஏதேனும் ஒரு பகுதி வெளியே வந்துவிட்டால், அது மூச்சு விடாவிட்டாலும், முழுதாகப் பிறக்காவிட்டாலும், சாகடிப்பது குற்றமாகலாம். கோப்பில் இவ்வளவு தெளிவு. ஆனால் பிணவறையில், குப்பைத் தொட்டியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எடுத்துவந்த சின்ன உடலை வைத்துக்கொண்டு டாக்டர் நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார். மிதந்தால் மூச்சு விட்டது, மூழ்கினால் விடவில்லை என்பது பழைய முறை. உடல் அழுகத் தொடங்கியிருந்தால் அதில் சேரும் வாயுவாலேயே நுரையீரல் மிதக்கும். எங்கள் வெயிலில் இரண்டு நாள் கிடந்த உடலில் அந்தச் சோதனை எதைச் சொல்லும்? “உறுதியாகக் கூற இயலவில்லை” என்று அறிக்கை வரும். கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த புகார், பிறப்பை மறைத்த குற்றமாக 318இன் கீழ் ஏறும். தாய் யாரென்று தெரியாமல் வழக்கு முடிக்கப்படும். கொலை அட்டவணைக்கு அந்தச் சிசு வருவதே இல்லை.

இதே பிள்ளை எங்கள் ஏட்டிலும் தப்பிப்போக ஒரு வழி உண்டு. இறந்தே பிறந்தது என்று வீட்டார் சொல்லிவிட்டால் இறப்புப் படிவத்தில் வராது, செத்துப் பிறந்ததற்கான வேறு படிவத்தில் போகும். அப்படிப் போனால் உயிரோடு பிறந்த பிள்ளைகளின் எண்ணிக்கையிலும் அது இல்லை, சிசு மரணத்திலும் இல்லை. மாவட்டத்தின் சிசு மரண விகிதம் ஒரு புள்ளிகூட ஏறாது. வீட்டுப் பிரசவம் அதிகமிருந்த வட்டாரங்களில், செத்துப் பிறந்தவற்றில் ஆண் எத்தனை பெண் எத்தனை என்று நான் தனியாக எண்ணிப் பார்க்கத் தொடங்கியது இதனால்தான்.

யார் சொல்வதையும் நம்பாமல் அளக்க ஒரு வழி இருக்கிறது. இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். இயற்கையில் முதல் மாதத்தில் ஆண் சிசுக்களே அதிகம் இறக்கும். எந்த நாட்டிலும் அப்படித்தான். பெண் சிசு கொஞ்சம் கெட்டி. ஒரு வட்டாரத்தில் பிறந்த முதல் மாதத்தில் பெண் சாவு ஆண் சாவைத் தாண்டினால், காரணக் கட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அங்கே ஏதோ நடக்கிறது. அந்தப் பெண் சாவுகளைப் பிறப்பு வரிசைப்படி பிரியுங்கள். முதல் பெண்ணில் வித்தியாசம் இல்லை, இரண்டாவதில் கொஞ்சம், மூன்றாவது நான்காவதில் குவிந்திருக்கிறது என்றால் எந்த நோயும் அப்படித் தேடிப் பிடித்துத் தாக்குவதில்லை. ஆணைவிட எத்தனை கூடுதலோ அது குறைந்தபட்ச மதிப்பு, உண்மை அதற்கும் மேல்.

வட ஆற்காட்டில் கே.வி.குப்பம் பகுதியின் 12 கிராமங்களில் சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் மூவரும் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வு இதை வேறு வழியில் உறுதி செய்தது. பிறந்த பிள்ளை ஒவ்வொன்றையும் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு அது. அதில் 19 சிசுக்கொலைகள் தெரியவந்தன, பத்தொன்பதும் பெண். அந்தச் சிறு பகுதியில் கிடைத்ததை நாடு முழுவதற்கும் நூறை ஒட்டி அச்சாகும் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொண்ணூறுகளில் காவல் துறை வழக்குப் போடத் தொடங்கியது. கைதுகள் நடந்தன, தண்டனைகளும் வந்தன. கொலை கொலையாகவே கருதப்பட வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் அளப்பவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். வழக்குகள் வரத் தொடங்கிய வட்டாரங்களில் சமூகக் காரணம் என்று எழுதப்பட்ட மரணங்கள் உடனே குறைந்தன. ஆய்வுக் கூட்டங்களில் அதைச் சாதனையாகச் சொன்னார்கள். சாவு குறைந்ததா, எழுதுவது குறைந்ததா? மேலே சொன்ன ஆண் பெண் வித்தியாசத்தைப் போட்டுப் பார்த்தோம். சில இடங்களில் வித்தியாசமும் உண்மையாகவே சுருங்கியிருந்தது. கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்ட வேலைக்கும், செவிலியர்கள் மூன்றாவது பெண் பிறந்த வீட்டுக்குத் தினமும் போய் உட்கார்ந்த வேலைக்கும் அதில் பங்குண்டு. வேறு சில இடங்களில் வித்தியாசம் அப்படியே நின்றது, காரணம் மட்டும் ‘எடை குறைவு’ என்று மாறியிருந்தது. குழந்தையின் எடைக் கட்டத்தில் ரெண்டே முக்கால் கிலோ என்று இருக்கும், காரணக் கட்டத்தில் எடை குறைவு என்று இருக்கும்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பாலின விகிதத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு ஆயிரம் ஆணுக்கு 942 பெண், சேலத்துக்கு 851, தர்மபுரிக்கு 826. பயங்கரமான எண்கள்தான். ஆனால் அதற்குள் ஸ்கேன் மையங்கள் வந்துவிட்டன. பிறக்காமல் போன பெண்ணும் பிறந்து கொல்லப்பட்ட பெண்ணும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்திருக்கிறார்கள். கொலையை அளக்க அது உதவாது, எங்கே தேட வேண்டும் என்று மட்டும் காட்டும்.

விகிதம் என்று வரும்போது கீழே போடும் எண் மேலே போடும் எண்ணைவிடக் கவனிக்க வேண்டியது. ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு 40,000 பிரசவம் நடக்கும் மாவட்டத்தில் பத்து சிசுக்கள் கொல்லப்பட்டதாக வைத்துக்கொள்வோம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் அங்கே ஏழு லட்சம் பேர். லட்சம் குழந்தைகளுக்கு என்று வகுத்தால் ஒன்றரைகூட வராது. லட்சம் பிறப்புகளுக்கு என்று வகுத்தால் 25. இரண்டும் அதே பத்துச் சாவுதான். ‘க்ரைம் இன் இந்தியா’வில் ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களை மொத்த மக்கள்தொகையால் வகுத்தார்கள், பிறகு குழந்தைகளின் தொகைக்கு மாறினார்கள். இந்த மாற்றத்தைக் கவனிக்காமல் பழைய விகிதத்தையும் புதிய விகிதத்தையும் பக்கத்தில் வைத்து, பல மடங்கு உயர்வு என்று எழுதிய செய்திகளைப் படித்து மனம் நொந்திருக்கிறேன். 2022க்கு அந்த அத்தியாயம் தரும் மொத்தம் 1,62,449 வழக்குகள், லட்சம் குழந்தைகளுக்கு 36.6. அதில் ஐந்தில் நாலு பங்குக்கும் மேல் கடத்தலும், பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளும். கொலையைப் பற்றி அந்த 36.6 எதுவும் சொல்வதில்லை.

வேறு சில விதிகளும் இருக்கின்றன. ஒரே அறிக்கையில் பல பிரிவுகள் இருந்தால் தண்டனை அதிகமான குற்றம் மட்டுமே எண்ணப்படும். வழக்கு வேறு, கொலையானவர் எண்ணிக்கை வேறு. கணக்கு வழக்குப் பதிவான ஆண்டுக்குப் போகும், சாவு நடந்த ஆண்டுக்கு அல்ல. இவை அடிக்குறிப்பைப் படித்தால் விளங்கிவிடும்.

அடிக்குறிப்பிலும் விளங்காத ஒன்று குடும்பத் தற்கொலை.

மாவட்ட அலுவலகத்துக்கு மாறிய பிறகு மருத்துவச் சான்றுகளைக் குறியீடு போடுவதையும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், மூன்று படிவங்கள் ஒரே நாளில் வந்தன. மூன்றிலும் பூச்சிமருந்து. படிவத்தில் இறந்த விதம் என்று ஒரு பகுதி உண்டு: இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, விசாரணையில் உள்ளது. மூன்றிலும் கடைசிக் கட்டத்தில் டிக். டாக்டரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கு நாலு வயது. நோய்களின் சர்வதேச வகைப்பாட்டில் பூச்சிமருந்துச் சாவுக்கு நாலு குறியீடுகள் இருக்கின்றன. தவறுதலாகக் குடித்தால் எக்ஸ்48, தானே குடித்தால் எக்ஸ்68, பிறர் கொடுத்தால் எக்ஸ்87, எதுவென்று தெரியாவிட்டால் ஒய்18. விசாரணை முடிந்து காவல் நிலையம் எதைக் கண்டுபிடித்தாலும் அது இந்தப் படிவத்துக்குத் திரும்பி வருவதற்கு ஏற்பாடே கிடையாது. தாய் இறந்துவிட்டதால் குற்றம் சாட்டப்பட வேண்டியவர் இல்லை, வழக்கு அற்றுப்போய்விடும். அந்த நாலு வயதுப் பிள்ளை கடைசிவரை ஒய்18.

காவல் துறைப் பக்கத்தில், விபத்து மரணங்கள் தற்கொலைகள் பற்றிய வேறொரு தொகுப்பு வருகிறது. அதில் குடும்பத் தற்கொலை என்று ஓர் அட்டவணை. அதில் தமிழ்நாடு பலமுறை முதலிடத்துக்கு வந்திருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை தற்கொலை செய்துகொள்ளாது. அதன் வாயில் யாரோ ஊற்றினார்கள். அந்தத் தாயின் கடனையும், அவளை அங்கே தள்ளிய வீட்டையும், அவள் பட்ட பாட்டையும் நான் அறிவேன், அவளைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் கொல்லப்பட்ட பிள்ளையைத் தற்கொலை செய்தவர்களோடு சேர்த்து எண்ணும்வரை, எங்கள் மாநிலத்தில் குழந்தைகள் எப்படிக் கொல்லப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் விடையில் பெரிய ஓட்டை இருக்கும். குற்றங்களைப் புள்ளிவிவரத்துக்காக வகைப்படுத்த ஐ.நா. 2015இல் கொண்டுவந்த முறை சிசுக்கொலையையும் மற்றக் கொலைகளையும் ஒரே தலைப்புக்குள் வைத்து, இறந்தவரின் வயதையும் கொன்றவரோடு உறவையும் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறது. அதை ஏற்றால் பாதிச் சிக்கல் தீரும்.

அளக்க முடிந்த நாட்டில் என்ன தெரியவரும் என்பதற்கு அமெரிக்கா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே இறப்புச் சான்றிதழில் பிறந்த தேதியும் இறந்த தேதியும் இறந்த விதமும் உண்டு. ஒரு மனிதனின் வாழ்நாளில் கொல்லப்படும் அபாயம் பிறந்த நாளில்தான் மிக அதிகம், வேறெந்தக் காலத்தையும்விடப் பத்து மடங்கு என்று 2002இல் அவர்களால் சொல்ல முடிந்தது. 1999இல் டெக்சாஸில் தொடங்கி எல்லா மாநிலங்களிலும், பச்சிளம் பிள்ளையைத் தண்டனை இல்லாமல் ஒப்படைக்கலாம் என்ற சட்டங்கள் வந்தன. 1989 முதல் 1998 வரை பிறந்த நாள் கொலை விகிதம் லட்சம் ஆள்-ஆண்டுகளுக்கு 222.2 ஆக இருந்தது. 2008 முதல் 2017 வரை 74.0 ஆகக் குறைந்தது. அதேபோல் பிள்ளையை ஒப்படைக்க வழிசெய்த நம்முடைய தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது, அவர்களுக்கு ஏழு ஆண்டு முன்னாலேயே. தொட்டிலுக்கு எத்தனை பிள்ளைகள் வந்தன என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை கொலைகள் தடுக்கப்பட்டன என்று சொல்ல, பிறந்த நாளுக்கோ முதல் வாரத்துக்கோ ஒரு கொலை விகிதத்தை நாம் அப்போதும் அளக்கவில்லை, இப்போதும் அளக்கவில்லை.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 302 போய் 103 வந்தது. 315 முதல் 318 வரை இருந்தவை 91 முதல் 94 வரை ஆயின. 2024இன் கணக்கில் பாதி ஆண்டு பழைய எண், பாதி ஆண்டு புதிய எண். இரண்டையும் ஒரே வரிசையில் கூட்டித்தான் தர வேண்டும். விகிதத்தின் கீழ் எண்ணோ 2011 கணக்கெடுப்பிலிருந்து கணித்த உத்தேசத் தொகையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, 2027இல் உண்மையான தொகை வரும்போது இடைப்பட்ட எல்லா ஆண்டுகளின் விகிதத்தையும் திரும்பப் போட வேண்டும். அப்படிப் போடுகிறவர்கள் அதே கையோடு ஒரு வயதுக்குக் கீழ் ஒரு கட்டம், இருபத்தெட்டு நாளுக்குக் கீழ் ஒரு கட்டம், குடும்பத் தற்கொலையில் இறந்த பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று, ஓய்வு பெற்ற பிறகும், கேட்பவர்கள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.